பார்க்கிறவனின் கடன்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, காலைப் பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, வயதான தாயார் ஒருவர் அறைவீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். குடையை மடித்துப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, "சாமி, ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார்.

"கேளுங்கள் அம்மா."

"மகன் லீவிலே வந்திருந்தப்போ வீட்டிலே மூணு காமிரா மாட்டிட்டுப் போயிருக்கான். வாசல்லே ஒண்ணு, கூடத்திலே ஒண்ணு, அடுக்களையிலே ஒண்ணு. அவன் அரபு நாட்டிலே இருந்துக்கிட்டே செல்போனிலே எங்க வீட்டைப் பார்க்கிறான். அவன் என்னைப் பார்க்கிறான். நான் அவனைப் பார்க்க முடியலே. இது சரியா, தப்பா?"

"உங்கள் நன்மைக்குத்தானே அம்மா வைத்திருக்கிறார்" என்றேன்.

"நல்லதுக்குத்தான் சாமி. போன வருஷம் நான் கீழே விழுந்துட்டேன் இல்லே, அந்தப் பயம் அவனுக்கு. ஆனா முன்னே எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாம போன் பண்ணுவான். இப்போ பண்றதில்லே. கேட்டா, 'நீங்க நல்லா இருக்கிறதைத்தான் பார்த்துட்டேனே அம்மா' என்கிறான்."

இதைச் சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கோ அன்று முழுவதும் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதும் உறுத்தியது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அந்தத் தாயாரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிக் கேட்டது ஏன் அவசியமாயிற்று என்பது போகப்போக விளங்கும்.

வீட்டில் காவல் காமிரா வைப்பது குற்றமா? அல்லவே அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பது குற்றமானால்தான் இதுவும் குற்றமாகும். தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்வது எவருக்கும் உள்ள உரிமை. சிறு பிள்ளைகளையும் முதியோரையும் காப்பது உரிமை மட்டுமன்று, கடமையுங்கூட.

இந்தக் கருவி பிறந்த வரலாறே இதற்குச் சாட்சி. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலித்தாய் ஒருவர் இருந்தார். வேளை கெட்ட வேளையில் வீட்டில் தனியாயிருக்க நேரும். அழைத்தால் போலீசார் வந்து சேரத் தாமதமாகும். ஆகவே அவரும், மின்னணு வேலை தெரிந்த அவர் கணவரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தனர். கதவில் மேலும் கீழுமாய் நான்கு துளைகள். அவற்றின் வழியாகப் பார்க்க ஏறி இறங்கும் ஒரு காமிரா. உள்ளே அறையில் ஒரு திரை. வெளியே நிற்பவரோடு பேச ஒலிபெருக்கி. ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றார்கள். பயந்திருந்த ஒரு பெண், கதவைத் திறவாமலே வந்தவன் யாரென்று அறிய விரும்பினாள். அதில் என்ன குறை காண முடியும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காமிரா பார்த்தது கதவுக்கு வெளியே. அதன் காட்சி போய்ச் சேர்ந்தது அதே வீட்டின் உள்ளறைக்கு. வெளியிலிருந்து உள்ளே வந்தது பார்வை. இன்று நாம் செய்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கூடத்தையும் அடுக்களையையும் பார்க்கும் கண்ணைச் சுவரில் பதித்து, அது காண்பதை வெளியுலகுக்கு அனுப்புகிறோம். இணையத்தோடு இணைப்பது என்றால் இதுதான்.

இதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மில் பலர், "ஆள் வந்து மாட்டினார், செல்போனில் தெரிகிறது" என்பதற்கு மேல் ஒன்றும் அறியோம். காமிராக்களிலிருந்து வரும் காட்சி வீட்டிலுள்ள ஒரு பெட்டிக்குள் பதிவாகிறது. பெட்டி நிறைந்ததும் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். பெட்டியை இணையத்தோடு இணைக்காதவரையில், அதைப் பார்க்க விரும்புகிறவன் நம் வீட்டுக்குள் வந்தே ஆக வேண்டும். அது நம் பீரோவுக்குள் இருக்கும் நகை போன்றது.

இணைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வீட்டிலுள்ள ரௌட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்து வருகிறவர் நேரே பெட்டியை அடையும்படி செய்வது. அந்த வாசலில் நம் மகனும் வந்து தட்டலாம். உலகின் எந்த மூலையில் இருப்பவனும் வந்து தட்டலாம். திறந்த வாசல் எங்கே எங்கே என்று இராப்பகலாய்த் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் எழுதி விட்டிருக்கிறார்கள். இரண்டாவது வழி, காமிராவை விற்ற கம்பெனியின் கணினி மூலமாகப் பார்ப்பது. பெட்டியின் மேலுள்ள கட்டம்போட்ட குறியைச் செல்போனால் படம் பிடித்ததும் காட்சி தெரிகிறதே, அது இந்த வகை. இதில் நம் வாசலைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டுக்கும் செல்போனுக்கும் நடுவே மூன்றாமவர் வீடு ஒன்று நிற்கிறது. அது எந்த நாட்டில் இருக்கிறது, அங்கே வேலை செய்பவர் யார் என்று நமக்குத் தெரியாது.

இரண்டில் எதுவும் தன்னிலே பாவமன்று. ஆயினும் எதைச் செய்கிறோம் என்று அறிந்து செய்ய வேண்டும். அறியாமல் செய்தவன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் நானேதான்.

நம் கோவில் உண்டியலை ஓர் இரவில் உடைத்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு கோவிலைச் சுற்றியும் அறைவீட்டு வராந்தாவிலும் காமிராக்கள் வைத்தோம். வேலை செய்த தம்பி கெட்டிக்காரர். எனக்கு இவற்றில் பழக்கம் இல்லாததால், தம் செல்போன் எண்ணைக் கொடுத்தே கணக்கைத் திறந்தார். "பிறகு மாற்றிக்கொள்ளலாம் சாமி" என்றார். நானும் சரி என்றேன். பிறகு இருவருமே மறந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து ஒரு காமிரா வேலை செய்யவில்லை என்று அவருக்குப் போன் செய்தேன். அவர் தம் கடையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "வராந்தா காமிரா நல்லாத்தான் இருக்கு சாமி. இதோ, நீங்க நாற்காலியிலே உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கீங்க. எதிர் பெஞ்சிலே ஒரு அம்மா இருக்காங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெஞ்சு எப்பேர்ப்பட்ட பெஞ்சு! கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று அழுதுகொண்டே சொன்னவர்கள், மகள் கலியாணம் நின்றுபோனதைச் சொல்ல வந்தவர்கள், கடனுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போகலாமா என்று கேட்க வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்த பெஞ்சு அது. எட்டு மாத காலம் அவர்கள் என்னை நம்பி வந்து உட்கார்ந்தார்கள். நானோ அவர்கள் அறியாமல் அவர்கள் முகத்தை வேறொருவர் கையில் கொடுத்து வைத்திருந்தேன். அந்தத் தம்பி நேர்மையானவர். வேலை இல்லாமல் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்று சொன்னார், நம்புகிறேன். இதை எழுத அவரும் இசைந்தார். ஆனால் அவர் நல்லவராயிருந்தது நான் செய்த ஏற்பாடன்று. கெட்டவராக இருந்திருந்தாலும் என் கவனக்குறைவு அதே அளவில்தான் இருந்திருக்கும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் இதன்மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காமிராவைத் திருப்பி, இப்போது வாயிற்படியை மட்டும் பார்க்க வைத்தாயிற்று. கணக்கும் கடவுச்சொல்லும் மாற்றியாயிற்று.

நிற்க. இது நம் ஊர்க் கதை. உலகில் நடந்தவற்றையும் சிறிது பாருங்கள்.

2016-ல் மிராய் என்னும் தீய நிரல் ஒன்று இணையத்தில் பரவியது. பூட்டை உடைக்கும் பெரிய வித்தை ஒன்றும் அதனிடம் இல்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுவிடுகிறோம் அல்லவா? அப்படிப்பட்ட அறுபது சொச்சம் சொற்களை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். லட்சக்கணக்கான காமிராக்களும், பதிவுப் பெட்டிகளும், ரௌட்டர்களும் அதன் வசமாயின. அவ்வாண்டு அக்டோபர் 21-ந் தேதி, இப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு இணையத்தின் ஒரு முக்கிய நிறுவனத்தைத் தாக்கினார்கள். அமெரிக்காவில் புகழ்பெற்ற பல இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தம் வீட்டைக் காக்கக் காமிரா வாங்கியவர்கள், அயலாரைத் தாக்கும் படையில் தம் காமிரா சேர்ந்ததை அறியாமலே உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. ரிங் என்னும் காமிராக் கம்பெனியின் ஊழியர் ஒருவர், 2017-ல் பல மாதங்களாக, பெண்களின் படுக்கையறையிலும் குளியலறையிலும் இருந்த காமிராக்களின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தார் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றஞ்சாட்டியது. கம்பெனி 58 லட்சம் டாலர் கட்ட இசைந்தது. 2024 பிப்ரவரியில் வேறொரு கம்பெனியில் கணினிகள் சற்று நேரம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியபோது, ஏறக்குறைய 13,000 பேருடைய செல்போனில் பிறர் வீட்டுக் காட்சிகள் வந்து நின்றன. அதில் திருடன் எவனும் இல்லை. கருவி தடுமாறியது, அவ்வளவே.

நம் நாட்டிலோ, 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் காமிராப் பதிவுகள் வெளியே போய், இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. சிகிச்சைக்கு வந்த தாய்மார்களின் காட்சிகள் அவை. மருத்துவமனையில் காமிரா வைத்தவர்கள் பாதுகாப்புக்காக வைத்திருப்பார்கள். அந்தத் தாய்மார்களுக்கு நேர்ந்த வெட்கத்தை இனி எந்தத் தீர்ப்பு நீக்கும்?

இந்தச் செய்திகளைக் கேட்டுப் பயந்து காமிராவைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இவற்றிலிருந்து ஓர் உண்மையைப் பிரித்தெடுக்க வேண்டும்.

குருமடத்தில் எங்களுக்கு ஒழுக்கவியல் கற்பித்தபோது, இரகசியம் மூன்று வகைப்படும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதலாவது, இயல்பான இரகசியம். ஒருவருடைய குறையோ துயரமோ தற்செயலாய் நமக்குத் தெரியவந்தால், யாரும் கேட்டுக்கொள்ளாமலே அதை வெளியிடாதிருக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இரண்டாவது, அறிந்த பின் "சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்த இரகசியம். மூன்றாவது, "இது உன்னோடு இருக்கட்டும்" என்னும் நிபந்தனையின் பேரில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இரகசியம். வைத்தியரிடமும் வக்கீலிடமும் சொல்வது இந்த மூன்றாம் வகை. இதைக் காக்கும் கடமையே மூன்றிலும் கனமானது.

நம் காமிராவில் விழும் முகங்கள் எந்த வகை? குறைந்தபட்சம் முதல் வகை. தெருவில் போகும் பால்காரர், எதிர்வீட்டுப் பெண்பிள்ளை, அவள் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு வந்தாள் என்பதெல்லாம் நாம் தேடாமலே நம் பெட்டிக்குள் வந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பேசவும் அனுப்பவும் நமக்கு உரிமை இல்லை. வீட்டுக்குள்ளே வருகிறவர்களோ அதற்கும் மேலே. விருந்தாளியும், வேலைக்கு வரும் அம்மாளும், நம் பெற்றோரும் நம்மை நம்பி நம் கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர்கள் முகமும் நடையும் பேச்சும் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளைத் தெருத் திண்ணையில் வைத்துவிட்டு, "நான் திருடவில்லையே" என்று ஒருவன் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

ஆகவே நான் சொல்லவந்தது இது. பிறரைப் பார்க்கிறவன் அவர்களுக்குக் கடன்பட்டவனாகிறான். எத்தனை பேரைப் பார்க்கிறானோ அத்தனை பேருக்கும் கடன். இணையத்தோடு இணைத்தவுடன் அந்தக் கடன் பன்மடங்காகிறது. நல்ல கடவுச்சொல் வைப்பது வெறும் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணியிருந்தோம். அது பிறர்க்கு நாம் செலுத்த வேண்டிய நீதி.

இங்கே சில ஆட்சேபங்கள் எழும்.

"மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம், சாமி?" என்பார்கள். குளிக்கும் அறைக்கு ஏன் கதவு வைத்தோம்? உள்ளே குற்றம் நடப்பதாலா? தனியே இருக்கும் மூதாட்டி கூடத்தில் தலையை விரித்துச் சிக்கெடுக்கிறார். இறந்துபோன கணவரின் படத்தைப் பார்த்துப் பேசுகிறார். சில வேளை அழுகிறார். இவற்றில் மறைக்கத்தக்க குற்றம் ஏது? ஆயினும் இவை பிறர் பார்வைக்கு உரியவையல்ல. காமிரா வைத்த நாளிலிருந்து கூடத்துத் தரையில் படுத்துப் பகலில் கண்ணயர்வதை விட்டுவிட்டதாக நம் தாயார் சொன்னார். மகன் குறை சொல்வான் என்பதனால் அன்று. "யாரோ நிக்கிற மாதிரி இருக்குது சாமி" என்றார்.

"வேலைக்கு வருபவர் எதையாவது எடுத்துவிட்டால்?" என்பார்கள். எடுக்கக்கூடும், எடுக்காமலும் இருக்கக்கூடும். விலையுயர்ந்ததைப் பூட்டி வைப்பது உங்கள் பொறுப்பு. காமிரா இருக்கிறதென்று அவரிடம் முகம் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லி வைத்தது காவல். ஒளித்து வைத்தது பொறி. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் பாத்திரம் துலக்கிய ஒருவர், சுவரிலிருந்து திடீரென்று ஒரு குரல், "அந்தத் தூக்குச்சட்டியை எங்கே கொண்டுபோகிறாய்?" என்று கேட்டதும், மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை. மீந்த குழம்பை வீட்டம்மாதான் கொடுத்தனுப்பினார் என்பது காமிராவுக்குத் தெரியாது. ஏனென்றால் அது அடுக்களையின் ஒரு மூலையைத்தான் பார்த்தது. பாதியைக் கண்டு முழுமையும் தீர்ப்பிடுவதே அவதூறான எண்ணத்தின் பிறப்பிடம். ஏழையின் சொத்து அவருடைய நல்ல பெயர் ஒன்றுதான். அதைப் பறித்தால் எதைக் கொண்டு ஈடுசெய்வோம்?

"சட்டம் தடுக்கவில்லையே?" என்று மூன்றாவது கேட்பார்கள். சட்டம் சிலவற்றைத் தடுக்கத்தான் செய்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்து வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023-ல் இயற்றிய தனிமனிதத் தரவுச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிடுகிறது. ஐரோப்பாவில் வேறுவிதம். செக் நாட்டில் ஒருவர் வீட்டுச் சன்னலை அடிக்கடி உடைத்தார்கள். அவர் காமிரா வைத்தார். உடைத்தவர் என்று சந்தேகப்பட்ட இருவர் அதில் அகப்பட்டார்கள். ஆனாலும் அந்தக் காமிரா பொதுத் தெருவையும் பார்த்தது; ஆகவே அதை வெறும் வீட்டுக் காரியம் என்று கொள்ள முடியாது, சட்டம் அவரையும் கட்டும் என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. அவருக்குத் தம்மைக் காக்கும் நியாயமான தேவை உண்டு என்பதையும் அது மறுக்கவில்லை.

நம் நாட்டில் வீட்டுக்குள் சட்டம் தன் கையை எடுத்துக்கொண்டது என்றால், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பொருளா? அங்கே மனச்சாட்சியைக் காவலுக்கு விட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இனி, செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன்.

1. எதற்காக இணைக்கிறோம் என்று முதலில் கேளுங்கள். வெளியூரில் இருந்து பார்க்க யாரும் இல்லையென்றால் இணைப்பே வேண்டாம். பெட்டியில் பதிவானாலே போதும்.

2. மாட்டியவர் வைத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். வீட்டு எண், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி இவை ஆகா. வேறு எங்கும் பயன்படுத்தாத நீண்ட சொல்லாக இருக்கட்டும். செல்போனுக்கு ஒரு எண் வந்து அதையும் கேட்கும்படி செய்யும் இரட்டைப் பூட்டு இருந்தால் அதையும் போடுங்கள். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

3. ரௌட்டரில் வாசலைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று மாட்டியவரைக் கேளுங்கள். திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். கம்பெனி அவ்வப்போது அனுப்பும் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். காமிராக்களுக்கு வேறு, உங்கள் செல்போனுக்கும் கணினிக்கும் வேறு என்று வைஃபையைப் பிரித்து வைப்பதும் நல்லது. பல ரௌட்டர்களில் விருந்தாளிகளுக்கென்றே தனி வைஃபை வைக்க முடியும். புதிதாக வாங்குகிறவர்கள், 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளின்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

4. படுக்கையறை, குளியலறை, உடை மாற்றும் இடம் இவற்றில் எக்காரணம் கொண்டும் வைக்கலாகாது. கூடத்தில் வைத்தே ஆகவேண்டும் என்றால், வீட்டில் இருப்பவர் விரும்பியபோது நிறுத்தி வைக்கும் வழியை அவர் கையில் கொடுங்கள்.

5. எதிர்வீட்டு வாசலும் சன்னலும் உங்கள் திரையில் தெரிகிறதா? காமிராவைத் திருப்புங்கள்; அல்லது அந்த இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். காதையும் அடையுங்கள்: ஒலிப்பதிவு பெரும்பாலும் தேவையே இல்லை. சுவருக்கும் காது உண்டு என்று நம் பெரியவர்கள் எச்சரித்தார்கள். நாமே வலியச் சென்று காது வாங்கி மாட்டவேண்டாம்.

6. பதிவை வாட்சப்பில் அனுப்பாதீர்கள். திருட்டு நடந்தால் போலீசாரிடம் கொடுங்கள். "இவன்தான் திருடன்" என்று தெருவுக்கே அனுப்பிய பின் அவன் குற்றமற்றவன் என்று தெரிந்தால், அனுப்பிய ஒவ்வொரு கையிலிருந்தும் அதைத் திரும்பப் பெற எவராலும் ஆகாது.

இவை அனைத்தும் நீதியின்பாற்பட்டவை. இவற்றுக்கு மேல் பிறர் சிநேகம் ஒன்று இருக்கிறது. அதுவே அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில்.

"இது சரியா, தப்பா?" என்று கேட்டார். அம்மா, உங்கள் மகன் காமிரா வைத்தது தப்பன்று. கடல் கடந்து உழைக்கும் பிள்ளை, தாய் விழுந்து கிடந்து யாரும் அறியாமல் போய்விடுமோ என்று நடுங்குவது அன்பினால்தான். நாலு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கியிருப்பார். ஆனால் உங்களைக் கேளாமல் வைத்தது குறை. அடுக்களையில் வைத்தது மிகை. பார்த்ததோடு போதும் என்று விசாரிப்பதை நிறுத்தியதே பெருங்குறை.

பார்ப்பது வேறு, விசாரிப்பது வேறு, அன்பர்களே. நீங்கள் நடக்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா என்பதைக் காமிரா சொல்லும். முழங்கால் வலிக்கிறதா, மருந்து தீர்ந்ததா, இராத்திரி உறக்கம் வந்ததா என்பதை நீங்களே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. பார்க்கிறவன் தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டு போய்விடுகிறான். விசாரிக்கிறவனோ உங்களுக்கு வேண்டியதைக் கேட்டு நிற்கிறான். அவனிடத்தில் நீங்களும் பதிலுக்கு, "சாப்பிட்டாயா?" என்று கேட்கலாம். சுவரிலுள்ள கண்ணிடம் அப்படிக் கேட்க முடியுமா?

வெளிநாட்டிலும் வெளியூரிலும் பிள்ளைகளை உடைய குடும்பங்கள் நம் பங்கில் அநேகம். இந்தத் தாளைப் படித்துவிட்டு அவர்களுக்கும் அனுப்புங்கள். காமிராவில் ஒரு தரம் பார்த்தால் போனில் ஒரு தரம் பேசுவது என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளட்டும். பட்ட கடனுக்கு அதுதான் வட்டி.

நம் தாயார் நேற்று மாலை ஜெபமாலைக்கு வந்திருந்தார். அடுக்களைக் காமிராவை மகன் நிறுத்திவிட்டாராம். தூக்குச்சட்டிக்கார அம்மாளின் வீட்டுக்கு இவரே நடந்து போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். "வாரேன்னு சொல்லலே சாமி, வரலேன்னும் சொல்லலே" என்றார். உடைந்த நம்பிக்கை அவ்வளவு சீக்கிரத்தில் ஒட்டாது. ஒட்டும்வரை போய்க்கொண்டிருப்பேன் என்கிறார் அவர். நாமும் அவருக்காக வேண்டிக்கொள்வோம்.

உங்கள் பங்குக் குரு